ஈடு தராமல் ஈடுபாடு கேட்கிறார்கள்

போன மாதம் எங்கள் வங்கியின் பயிற்சி மையத்தில் இரண்டு நாள் வகுப்பு. வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். மனிதவள நிபுணராம். பலகையில் ஒரு படிக்கட்டு வரைந்தார். கீழ்ப் படியில் 'வேலை' என்று எழுதினார். நடுவில் 'வளர்ச்சி'. உச்சியில் 'விசுவாசம்'. "இங்க இருந்தா மேல வரலாம்னு நம்பறவன்தான் மனசார வேலை செய்வான். அந்த நம்பிக்கை போச்சுன்னா உடம்பு மட்டும்தான் ஆபீசுக்கு வரும்" என்றார். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன்.

அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் அவர் வரைந்த படிக்கட்டு எல்லாருக்கும் ஒரே படிக்கட்டா? எல்லாப் படியும் எல்லாக் காலையும் தாங்குமா? அங்கேயே எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஒரு பிரமோஷன் இன்டர்வியூ பாக்கி இருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன். அங்கே கேட்காததை இங்கே கேட்கிறேன்.

முதலில் இந்த 'விசுவாசம்' என்ற சொல். இதைக் கேட்டாலே எனக்கு என் தாத்தா ஞாபகம் வருகிறது. அவர் கீழத்தஞ்சையில் ஒரு மிராசிடம் பண்ணையாளாக இருந்தவர். அவர் அப்பாவும் அதே மிராசிடம்தான். இருட்டு விலகுமுன் மாட்டைப் பூட்டினால் இருட்டிய பிறகுதான் வீடு. தாமதமாகப் போனால் சாணிப்பால், சவுக்கடி. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்ற பழமொழியை அந்த மிராசுதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாராம். உப்பை விளைவித்தவன் யார், நெல்லை விளைவித்தவன் யார் என்ற கேள்வி அந்தப் பழமொழிக்குள் கிடையாது. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரைக்கும் அவரை எப்போது வேண்டுமானாலும் வெளியே தள்ளலாம். அவருக்கு வளர்ச்சி என்று ஒன்று இருந்ததா? பண்ணையாளின் மகன் பண்ணையாள். அவ்வளவுதான். ஆனாலும் விசுவாசம் கேட்டார்கள். கேட்டது மட்டுமல்ல, அடித்து வாங்கினார்கள்.

ஆக, பயிற்சி மையத்து நிபுணரின் கணக்கு எங்கள் தெருவுக்கு வரும்போது தலைகீழாகிவிடுகிறது. வளர்ச்சியைக் கொடு, விசுவாசத்தை வாங்கிக்கொள் என்பது அவர் கணக்கு. சாதியின் கணக்கு வேறு. விசுவாசம் உன் பிறவிக் கடன், வளர்ச்சி நான் பார்த்துப் போடுகிற பிச்சை. இந்த இரண்டாவது கணக்கு பண்ணையோடு செத்துப் போய்விட்டது என்று நினைத்துத்தான் நான் 2013-இல் எழுத்தர் வேலையில் சேர்ந்தேன்.

சேர்ந்த முதல் இரண்டு வருடம் நான் எப்படி வேலை பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கேஷ் டேலி ஆகாவிட்டால் ராத்திரி எட்டு மணிவரை உட்காருவேன். ஞாயிற்றுக்கிழமை முகாம் என்றால் முதல் ஆளாகப் போவேன். ஒரு அரசு வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் பத்து வருடத்தில் மேனேஜர் நாற்காலி என்ற கனவு. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியபோது, 1980-இல் இன்னும் 6 வங்கிகளை ஆக்கியபோது, எங்களைப் போன்றவர்களுக்கும் கதவு திறக்க வழி வந்தது. அந்தக் கதவு வழியாக வந்தவன் என்ற நன்றியும் இருந்தது. அந்த நாட்களில் என்னிடம் இருந்தது விசுவாசம்தான். மறுக்கவில்லை.

அப்புறம் பிரமோஷன் பரீட்சை எழுதினேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். இன்டர்வியூவுக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க கவிதை எல்லாம் எழுதுவீங்களாமே?"

"ஆமா சார்."

"எதைப் பத்தி?"

"ஊரைப் பத்தி சார்."

"எந்த ஊரு?"

சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

அவ்வளவுதான். வாராக்கடன் பற்றிக் கேட்கவில்லை. வட்டி விகிதம் பற்றிக் கேட்கவில்லை. தெருப் பெயர் தெரிந்ததும் அவர்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. மூவரில் ஒருவர் நம்மவர். விதிப்படி உட்கார வைத்திருந்தார்கள். அவர் கடைசிவரை பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பட்டியலில் என் பெயர் இல்லை.

மறுநாள் பக்கத்து சீட்டு நண்பர் ஆறுதல் சொன்னார்: "விடுங்க சார், உங்களுக்கென்ன, அடுத்த வாட்டி கோட்டாவுல வந்துரும்." இதில் இருக்கிற பொறியைக் கவனியுங்கள் தோழர்களே. தோற்றால் எனக்குத் 'தகுதி' இல்லை. ஜெயித்தால் எனக்குக் 'கோட்டா'. இரண்டிலும் என் உழைப்புக்கு இடமில்லை. ராத்திரி எட்டு மணிவரை நான் உட்கார்ந்த கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

இந்தக் கோட்டாவின் கதையையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஏனென்றால் மாணவத் தோழர்கள் பலருக்கு, வேலைக்குச் சேர்ந்துவிட்டால் மேலே போகப் போக இட ஒதுக்கீடு தானாகவே தூக்கிக்கொண்டு போகும் என்ற நினைப்பு இருக்கிறது. எங்கள் சக ஊழியர்களுக்கும் அதே நினைப்புத்தான். அவர்களுக்கு அது எரிச்சல், நமக்கு அது ஏமாற்றம்.

மண்டல் வழக்கில் 1992 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பதவி உயர்வில் ஒதுக்கீடு கூடாது என்றது. 1995-இல் 77-ஆவது திருத்தம் வந்து, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு விரும்பினால் கொடுக்கலாம் என்று ஆக்கியது. 2001-இல் 85-ஆவது திருத்தம் அப்படி உயர்ந்தவர்களின் சீனியாரிட்டியைக் காப்பாற்றியது. 2006-இல் நாகராஜ் வழக்கில், கொடுக்கலாம், ஆனால் பின்தங்கிய நிலைக்கும் போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதற்கும் புள்ளிவிவரம் கொண்டு வா, நிர்வாகத் திறன் கெடாது என்றும் பார் என்று நீதிமன்றம் நிபந்தனை போட்டது. 2018-இல் பின்தங்கிய நிலையை நிரூபிக்கத் தேவையில்லை என்று அந்த ஒரு நிபந்தனையை மட்டும் தளர்த்தியது. 2020-இல் பதவி உயர்வில் ஒதுக்கீடு அடிப்படை உரிமை அல்ல என்று மறுபடியும் சொன்னது. மற்றவனுக்குப் பிரமோஷன் என்பது ஒரு பரீட்சை. நமக்கு அது நான்கு அரசியல் சட்டத் திருத்தமும் நாற்பது வழக்கும்.

வங்கியில் நிலைமை இது. எழுத்தரிலிருந்து முதல் படி அதிகாரியாக, அதாவது ஸ்கேல் 1 ஆகப் போகும்வரை ஒதுக்கீடு உண்டு: 15 சதவீதம் பட்டியல் சாதி, 7.5 சதவீதம் பழங்குடி. அதற்கு மேல் ஸ்கேல் 2, 3, 4 என்று 7 வரைக்கும் ஏணி போகிறது. அங்கே தேர்வு முறையில் ஏறுகிறவர்களுக்கு ஒதுக்கீடு கிடையாது; 'சலுகை' மட்டும்தான். இதை எதிர்த்து ஒரு பொதுத்துறை வங்கியின் தலித், பழங்குடி ஊழியர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். வழக்கு மேலே போனது. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது ஸ்கேல் 6 வரை ஒதுக்கீடு உண்டு என்று பொருள்படும்படி ஒரு பகுதி இருந்தது. நம்மவர்கள் இனிப்பு கொடுத்தார்கள். 2016 ஜனவரியில் அது பிழை என்று நீதிமன்றமே அந்தப் பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு வருடம் தாங்கிய படி அது.

இப்போது நிபுணரின் பலகைக்கு வருவோம். வளர்ச்சியில் நம்பிக்கை போனால் உடம்பு மட்டும் ஆபீசுக்கு வரும் என்றாரே, அது என் விஷயத்தில் அப்படியே நடந்தது. இன்டர்வியூவுக்குப் பிறகு ஒரு வருடம் நான் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்தேன். ஐந்து அடித்தால் பையைத் தூக்குவேன். 'எனக்கென்ன, நீ எனக்கு என்ன செஞ்சே' என்ற வீம்பு. அது ஒரு எதிர்ப்பு என்றுகூட நினைத்துக்கொண்டேன். அதைப் பற்றிக் கவிதையும் எழுதினேன். தோழர்கள் பாராட்டினார்கள்.

ஒருநாள் நூறு நாள் வேலைக் கூலி எடுக்க எங்கள் காலனிப் பெண்கள் வந்திருந்தார்கள். மூன்று மணிக்கு மேல் சிஸ்டம் படுத்துவிட்டது. வழக்கம்போல "நாளைக்கு வாங்க" என்றேன். வரிசையில் கடைசியாக நின்ற ஒரு பாட்டி சொன்னது: "நாளைக்கு வந்தா நாளையக் கூலி போயிரும் தம்பி. எல்லாரும் சொல்றதுதான். நீயுமா?"

அந்த 'நீயுமா' என்னைத் தூங்கவிடவில்லை. நான் யாருக்கு எதிராகக் கடிகாரம் பார்க்கிறேன்? என்னைத் தெருப் பெயர் கேட்டவர் மண்டல அலுவலகத்தில் ஏசி அறையில் இருக்கிறார். என் ஈடுபாடு குறைந்ததில் அவருக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. நஷ்டப்பட்டது கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற என் சனம். முதலாளிக்கு விசுவாசம் வேறு, வேலையில் ஈடுபாடு வேறு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதில் நிர்வாகத்துக்கு லாபம் இருக்கிறது. கோபத்தில் நாமும் அதே குழப்பத்தில் விழுகிறோம்.

'ஈடுபாடு' என்ற சொல்லில் 'ஈடு' இருக்கிறது. வங்கிக்காரனுக்கு ஈடு என்றால் தெரியும். நிலப் பத்திரம், நகை, வீடு. ஈடு இல்லாமல் கடன் இல்லை என்பது எங்கள் மேனேஜர்களின் முதல் பாடம். கல்விக் கடனில் நான்கு லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்று திட்டத்திலேயே இருந்தும், சேரிப் பையன் வந்தால் "சொத்து ஏதாவது இருக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தப் பையனிடம் ஈடு கேட்கிற இதே நிறுவனம், எங்களிடம் எந்த ஈடும் தராமல் ஈடுபாட்டை மட்டும் கடனாகக் கேட்கிறது. பதவி உயர்வு என்பது அந்த ஈடு. அது பிச்சை இல்லை, பரிசும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பையனின் கடன் மனுவை நான் கையில் வாங்கலாம், ரசீது போடலாம், கம்ப்யூட்டரில் ஏற்றலாம். கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்து அதிகாரியிடம் இருக்கிறது. தொகை பெரிதாகப் பெரிதாக அந்தக் கையெழுத்து ஸ்கேல் ஏறிக்கொண்டே போகிறது. நாம் மேலே போக வேண்டும் என்பது சம்பளத்துக்காக மட்டுமில்லை. கையெழுத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதிகாரம் இருக்கிறது. ஒதுக்கீடு எந்தப் படியோடு நின்றுபோகிறது என்று பாருங்கள். கையெழுத்துக்கு வலு வருகிற படிக்கு முந்தின படியோடு நிற்கிறது. இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இனி நம் பக்கத்துக் கணக்கு. அதைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் யோக்கியன் இல்லை.

மேலே போன நம்மவர்கள் சிலர் நம்மைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். துரோகி என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இன்டர்வியூவில் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தவரை நானும் அப்படித்தான் திட்டினேன். அவருக்கு அந்த மேசையில் என்ன நிலைமை என்று பிறகு யோசித்தேன். ஒவ்வொரு படியிலும் அவர் ஒற்றை ஆள். ஒரு வார்த்தை பேசினால் 'சாதி பார்க்கிறார்' என்று அவருடைய மதிப்பீட்டு அறிக்கையில் ஏறும். பேசாமல் இருப்பதுதான் அவர் மேலே வரக் கொடுத்த விலை. நமக்கு வளர்ச்சி கொடுக்கும்போது அவர்கள் கேட்கிற விசுவாசத்துக்கு மௌனம் என்று பெயர். இது அவருடைய குணக்கேடு மட்டுமில்லை. ஒற்றை ஆளாக ஏற்றுகிற ஏணியின் வேலை.

இந்தத் தனிமை புதிதில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்கா போனார். படித்து வந்து பத்து வருடம் சமஸ்தானத்துக்கு வேலை செய்கிறேன் என்று 1913-இல் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். 1917-இல் அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் பரோடாவுக்குப் போனார். கொலம்பியாவில் படித்தவர் மேசை மேல் பியூன்கள் கோப்புகளைத் தூக்கி எறிந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஊரில் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சி மாதிரி தங்கினார். தடியோடு ஒரு கூட்டம் வந்து விரட்டியது. பூங்காவில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலேறினார். பத்து வருட ஒப்பந்தம் பதினைந்து நாள்கூடத் தாங்கவில்லை. ஒப்பந்தத்தை மீறியது யார்? அவரா, இடம் கொடுக்காத பரோடாவா? அதற்குப் பிறகு வந்த உதவித்தொகைப் பாக்கிக் கேள்விகள் அவரிடம்தான் கேட்கப்பட்டன. பரோடாவிடம் யாரும் கேட்கவில்லை.

1960-களில் புனேயில் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில், அம்பேத்கர் பிறந்தநாள் விடுமுறையை ரத்து செய்ததை எதிர்த்த தீனாபானா என்ற நான்காம் பிரிவு ஊழியரை சஸ்பெண்ட் செய்தார்கள். அதே இடத்தில் மேல் வேலையில் இருந்த கன்ஷிராம் அவருக்காக நின்றார். அங்கிருந்துதான் 1978-இல் பாம்செஃப் வரைக்கும் பாதை போகிறது. மேலே இருந்தவன் கீழே இருந்தவனுக்காக நின்றதுதான் அதன் தொடக்கம். இதை மறக்கக் கூடாது. ஏனென்றால் நாம் மறந்துவிட்டோம்.

எங்கள் கிளையில் கூட்டிப் பெருக்க ஒரு அக்கா வருகிறார். நான் சேர்வதற்கு முன்னாலிருந்தே வருகிறார். பகுதிநேரம். வாரத்தில் எத்தனை மணி நேரம் என்பதைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கு சம்பளம், பாதிச் சம்பளம், முக்கால் சம்பளம் என்று வங்கி ஒப்பந்தங்களில் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். அக்கா பாதிச் சம்பளத்தில் நிற்கிறார். காலையில் எல்லாருக்கும் முன்னால் வருவது அவர். மழைநாளில் சாக்குப் போட்டு வாசலைக் காப்பாற்றுவது அவர். ஒருமுறை கேஷ் கவுண்டருக்குக் கீழே கிடந்த ஐநூறு ரூபாய்க் கட்டு ஒன்றை எடுத்து வந்து மேனேஜர் மேசையில் வைத்தார். எங்கள் கிளையில் விசுவாசத்துக்குப் படம் வரைய வேண்டுமென்றால் அவரைத்தான் வரைய வேண்டும். அவருடைய வளர்ச்சி எங்கே?

மத்திய அரசு தன் ஆண்டறிக்கைகளில் பல வருடங்கள் 'டி' பிரிவில் நம் மக்கள் எத்தனை பேர் என்று கணக்கு போட்டபோது 'துப்புரவாளர் நீங்கலாக' என்று ஒரு வரி, துப்புரவாளருக்குத் தனியாக ஒரு வரி என்றுதான் போட்டது. அந்த வேலைக்கு யாரும் போட்டிக்கு வருவதில்லை, ஒதுக்கீடும் தேவைப்படவில்லை. பிறப்பாலேயே நூற்றுக்கு நூறு ஒதுக்கீடு அது.

சரி, அது அரசாங்கம். நாங்கள் என்ன செய்தோம்? எங்கள் சங்கம் கடைசியாகக் கொடுத்த கோரிக்கை மனுவை எடுத்துப் பார்த்தேன். அதிகாரிகளின் டிரான்ஸ்பர், அதிகாரிகளின் பிரமோஷன், எழுத்தர்களின் பிரமோஷன், சங்கத்துக்கு அறை. அக்கா இல்லை. ஏப்ரல் 14 அன்று மண்டல மேலாளருக்குச் சால்வை போடுகிறோம், டைரி கொடுக்கிறோம். அந்த ஹாலைக் காலையில் கூட்டியவர் கதவுக்கு வெளியே நிற்கிறார். மேலே இருப்பவன் நமக்குச் செய்வதை நாம் கீழே இருப்பவருக்குச் செய்கிறோம். பிறகு என்ன விடுதலை பேசுகிறோம்?

ஒருநாள் இதையெல்லாம் அவரிடமே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கு எதுக்குத் தம்பி பிரமோஷனு. முழுச் சம்பளம் போட்டாப் போதும். நீ பரீச்ச எழுதி மேல போ. போயி இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடு" என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முழுநேரம் ஆக்கச் சொல்லி அவர் கொடுத்த மனு. ஏழு வருடப் பழசு. மடிப்பில் கிழிந்திருந்தது.

மாணவத் தோழர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வேலைக்குப் போங்கள். பரீட்சை எழுதுங்கள். 'நான் அவர்களுடைய ஏணியில் ஏற மாட்டேன்' என்பது கவிதைக்கு நல்ல வரி. அதை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அதனால் யாருக்கும் ஒரு கடன் மனுகூட நகராது. ஆனால் ஏறும்போது மௌனத்தை ஈடு வைத்து ஏறாதீர்கள். ஒற்றை ஆளாக ஏறாதீர்கள்.

சங்கத் தோழர்களுக்கு: ஒவ்வொரு ஸ்கேலிலும் நம்மவர் எத்தனை பேர் என்ற கணக்கை ரோஸ்டர் பதிவேட்டில் பார்க்கக் கேளுங்கள். காட்ட மறுத்தால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 'போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்று நிரூபி' என்று நீதிமன்றம் கேட்கிற எண்கள் நம் அலுவலக அலமாரிகளில்தான் இருக்கின்றன. லயசன் அதிகாரி என்று ஒருவர் இதற்காகவே இருக்கிறார். அவர் நாற்காலியை ஏப்ரல் 14-க்கு மட்டும் தேடிப் போகாதீர்கள். அடுத்த மனுவில் முதல் கோரிக்கையாகப் பகுதிநேரத் துப்புரவாளர்களை எழுதுங்கள். கடைசியாக அல்ல, முதலாவதாக.

நிர்வாகத்துக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எங்கள் வேலை உங்களுக்குக் கிடைக்கும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் எங்கள் சனம் நிற்கும்வரை கிடைக்கும். விசுவாசம் வேண்டுமென்றால் ஈடு வையுங்கள்.

இந்த வருடப் பிரமோஷன் விண்ணப்பத்தை நேற்று கொடுத்துவிட்டேன். தெருப் பெயரை இந்த முறை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கப் போவதில்லை. கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுவேன். அக்காவின் மனுவை ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். கிழியாத நகல்.